உன் அப்பாவின் முதுகில் நடந்தது

அருள், திண்டிவனத்தில் நீ திறக்கப்போகும் கிளினிக்குக்காக அடித்த நோட்டீஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தாள் நல்ல வழவழப்பாக இருக்கிறது. உன் பெயருக்குப் பின்னால் உன் படிப்பு, அதற்குக் கீழே கைரோபிராக்டிக், முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்யும் வைத்தியம் என்று பெரிய எழுத்தில். வலி குறைப்போம், பழைய நடமாட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவோம், மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தருவோம் என்று மூன்று வரி போட்டிருக்கிறாய். அதெல்லாம் சரிதான். கடைசியில் ஒரு கட்டம் கட்டி, அதற்குள் அப்பாவின் போட்டோவைப் போட்டு, "என் தந்தையின் கால்களைப் பறித்தவர் கோலியனூர்ப் பக்கத்து ஒரு போலி வைத்தியர். இன்னொரு குடும்பத்துக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த மருத்துவமனை" என்று அச்சடித்திருக்கிறாய். திறப்பு விழாவில் நான் இரண்டு நிமிஷம் பேச வேண்டும், அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். என்னால் முடியாது. ஏன் முடியாது என்று எழுதத்தான் இந்தக் கடிதம். எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் இருபத்து மூன்று வருஷமாகச் செய்ததைப் போலப் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உனக்கு நினைவிருக்கும் அப்பா கட்டிலில் இருந்த அப்பா. நான் கல்யாணம் செய்துகொண்டவர் வேறு மாதிரி. விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கினார். அறுவடை சீசனில் லாரி வந்து நின்றால் வேலை முடிகிறவரை உட்கார மாட்டார். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு, மூட்டையைப் பிடரியில் வாங்கி, பலகை மேல் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் பிடரியில் காய்த்துப்போன இடம் மட்டும் காலருக்கு மேலே தெரியும். நீ உட்காரப் பழகியதிலிருந்து அந்தக் கழுத்தின் மேல்தான் உன்னை உட்கார வைத்துக்கொண்டு ரயில்வே கேட் வரைக்கும் போய்விட்டு வருவார். அதிகம் பேச மாட்டார். வலி என்று சொன்னதே இல்லை. அதனால்தான் தொண்ணூற்று மூன்றில், உனக்கு நாலு வயது இருக்கும்போது, ஒருநாள் வேலையிலிருந்து பாதியில் வந்து, "முதுகு நடுவுல இன்னாவோ பண்ணுதுமே, குனிய முடியல" என்று சொன்னபோது நான் பயந்துவிட்டேன்.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகு வலி வருவது சகஜம். தைலம் தேய்த்தேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு நாள் சும்மா இருந்தால் சரியாகிவிடும் என்று மண்டியில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இது படுத்தாலும் போகாத வலி. சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். விடிவதற்குள் சட்டை வியர்வையில் நனைந்துவிடும். வேட்டியை முன்பு கட்டியதைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. சோறு பாதியில் வைத்துவிடுவார். இதெல்லாம் என்னவென்று இன்றைக்கு உனக்குக் கேட்ட உடனே தெரியும். எனக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது அருள். தெரியாமல் நடந்த தப்பு என்று நினைத்துவிடாதே. அப்பாவை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முதுகில் விரல் விரலாகத் தட்டிப் பார்த்தார். ஓர் இடத்தில் தட்டியபோது அப்பா துள்ளிவிட்டார். டாக்டர் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "முதுகெலும்புல டி.பி.யா இருக்கலாம்மா. எக்ஸ்ரே எடுக்கணும், டெஸ்ட் எழுதித் தர்றேன். டி.பி.ன்னா பயப்படாதீங்க, மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடும். ஆனா அதுவரைக்கும் மூட்ட தூக்கக் கூடாது. முக்கியமா யாரும் முதுகுல கை வெக்கக் கூடாது. அமுக்கறது, இழுக்கறது, மிதிக்கறது எதுவும் கூடாது." சீட்டை என் கையில் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா, "இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். "வாயுப் பிடிப்பாம். சத்து இல்லியாம். மாத்திரை குடுத்துகிறாரு" என்று சொன்னேன். சீட்டை மடித்து, நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் சத்துணவு ரிஜிஸ்டருக்குள் வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். உன் ஸ்டெல்லா சித்திக்கு அப்போது திண்டிவனத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க நாள் குறித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரொம்ப விசாரிக்கிறவர். எங்கள் அப்பா இருமுகிறாரே, அது ஆஸ்துமாவா, வேறு ஏதாவதா என்று இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டவர். அக்கா வீட்டுக்காரருக்கு டி.பி. என்று காதில் விழுந்தால் அந்தச் சம்பந்தம் அன்றைக்கே முறிந்துவிடும். அதற்கு முன்பு ஒரு சம்பந்தம் தட்டிப்போய் ஸ்டெல்லா ஆறு மாசம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவள் நான். ஏழு வாரம்தானே, அதுவரைக்கும் வேலைக்குப் போகாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், கல்யாணம் முடிந்த மறுநாளே எக்ஸ்ரேவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று கணக்குப் போட்டேன். அது அன்பு என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. அப்பாவிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அண்ணனிடம் சொல்வார், அண்ணன் ஊருக்கே சொல்வார் என்று அவரிடமும் மறைத்தேன்.

வலி ஏழு வாரம் காத்திருக்கவில்லை. மூன்றாவது வாரமே அவரால் குனிந்து சாப்பிட முடியாமல் போனது. மண்டியிலிருந்து பார்க்க வந்தவர்கள், "கோலியனூராண்ட கண்ணையன்னு ஒருத்தர் கீறாரு, சுளுக்கு எடுக்கறவரு. வண்டியில ஏறி வர்றவன் எறங்கி நடந்து போவான். கூட்டிக்கினு போங்க" என்றார்கள். அப்பா உடனே கிளம்பிவிட்டார். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க என்றேன். "இன்னா பொறுக்கறது? வேலைக்குப் போயி எத்தினி நாளாச்சு?" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கூடவே போனேன். தனியாக அனுப்பக் கூடாது என்று போனேன், பார். கூடப் போய் என்ன செய்தேன் என்பதைக் கேள்.

நீ நோட்டீஸில் போலி என்று எழுதியிருக்கும் மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் பாய் போட்டிருந்தது. நாலைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு மந்திரிக்கிற ஆள் இல்லை. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு பையனின் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முறிஞ்சிக்கிது, நான் தொட மாட்டேன், பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினார். அதை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் அப்பாவைக் குப்புறப் படுக்கச் சொன்னார். எண்ணெய் எடுக்கும்போதே கேட்டார்.

"எத்தினி நாளா வலி?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆவுதுங்க" என்றேன்.

"மூட்ட தூக்கறப்போ புடிச்சிக்கிச்சா, சும்மாவே வந்துச்சா?"

"தூக்கறப்போதாங்க."

"காய்ச்சல் அடிக்குதா? எளைச்சிப் போனாப்ல இருக்கறாரு."

"இல்லீங்க."

"டாக்டராண்ட காட்னீங்களா?"

"காட்டினோம். வாயுப் பிடிப்புதான்னு சொன்னாரு."

நான்கு கேள்வி கேட்டார். முதல் கேள்விக்கு மட்டும்தான் உண்மை சொன்னேன். அப்பா பாயில் முகத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். அவர் உடம்பு, அவருக்குத் தெரியாதா காய்ச்சல் அடிப்பது? ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னது சற்று முன்புதான் சொன்னது போல என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் முதுகில் கை வைக்கக் கூடாது. கண்ணையன் இரண்டு பக்கமும் தடவி, ஒரு பக்கத்துத் தோளையும் மறு பக்கத்து இடுப்பையும் பிடித்து, ஒரு திருப்புத் திருப்பினார். பெரிய சத்தம் எல்லாம் வரவில்லை. அப்பா ஒரு தடவை மூச்சை இழுத்தார். அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அவர் எழுந்து நடந்தார். "லேசா இருக்குதுமே" என்று சொல்லிச் சிரித்தார். கோலியனூர் கூட்டு ரோட்டில் டீக்கடையில் இரண்டு வடை சாப்பிட்டார். ஒரு மாசத்தில் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, டாக்டர்தான் தப்பாகச் சொல்லிவிட்டார் போல, கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் நடக்கும்போது வலது காலில் செருப்பு நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. அதற்கு அடுத்த நாள் கழிவறைக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "காலு எங்க கீதுன்னே தெரியலமே" என்றார். நானும் உன் பெரியப்பாவும் தூக்கிக்கொண்டு வந்து போட்டோம். இடுப்புக்குக் கீழே கிள்ளினால் அவருக்குத் தெரியவில்லை.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "யாராவது முதுகைப் புடிச்சுத் திருப்பினாங்களா?" என்பதுதான். பெரியப்பா முந்திக்கொண்டு ஆமாம் என்றார். டாக்டர் கோபமாகப் பேசினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏற்கெனவே கிருமி அரிச்ச எலும்பும்மா இது. கொஞ்ச நாள் முன்னாடி வந்திருந்தாக்கூட மாத்திரையிலயே சரி பண்ணியிருக்கலாம்" என்றார். இதற்கு முன்பு யாரிடமாவது காட்டினீர்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெரியப்பாவின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. மறுநாள் மண்டிக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கோலியனூருக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்னால் வார்டு வாசலில் என்னிடம் வந்து, "அவன் கைய எடுத்துட்டு வர்றேன் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கையில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். போகாதீங்க மாமா, அவர் மேல தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் அங்கேயே நின்றேன். கண்ணையனின் வலது மணிக்கட்டை அவர் வீட்டு வாசலிலேயே வைத்து ஒடித்தார்கள். நீ சின்ன வயதில் இதைப் பெரியப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாய். அவரும் கையை முறுக்கிக் காட்டிச் சொல்வார். அப்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஸ்டெல்லாவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். சுளுக்கு எடுக்கிறவன் முதுகை ஒடித்துவிட்டான் என்று சொன்னோம். பாவம் என்றார்கள். டி.பி. என்ற சொல் அந்தக் கதைக்கு அடியில் போய்விட்டது. புரிகிறதா அருள்? கண்ணையன் கெட்டவராக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அவரைத் திட்டுகிறவரைக்கும் யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. அப்பாவின் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டு வைத்தேன். நீ கல்லூரியில் சேர்ந்த புதிதில் அப்பாவின் பழைய எக்ஸ்ரேவும் ஃபைலும் எங்கே என்று கேட்டாய். மழைத் தண்ணீர் புகுந்து போய்விட்டது என்றேன். நான்தான் அடுப்பில் வைத்தேன். முதல் டாக்டர் கொடுத்த சீட்டையும் சேர்த்து. இப்போது இதற்குச் சாட்சி நான் மட்டும்தான்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம். அதில் நல்லது எதுவுமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். மாத்திரை முடிந்து, எலும்பு கெட்டிப்பட்ட பிறகு, விழுப்புரத்தில் சுமதி மேடம் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வந்தார். முதல் நாள் அவர் அப்பாவைத் தொடவே இல்லை. நான் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இப்படித் தூக்கினா இன்னும் ரெண்டு வருஷத்துல அவரு பக்கத்துல உங்களுக்கும் ஒரு கட்டில் போடணும். இடுப்ப வளைக்காதீங்க. முட்டிய மடிங்க. அவர ஒங்க நெஞ்சோட அணைச்சுக்கினு, அப்புறம் எழுந்திருங்க" என்றார். பத்துத் தடவை செய்ய வைத்தார். என் முதுகு இன்றைக்கும் நிமிர்ந்திருக்கிறது என்றால் அந்த ஒரு நாளால்தான். மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தருவோம் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறாய். அதை நான் உடம்பால் கற்றுக்கொண்டேன். உன் கிளினிக்குக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்டாட்டிகளையும் மகள்களையும் நீ கவனிக்க வேண்டும். அவர்கள் சீட்டு வாங்க மாட்டார்கள். அவர்கள் முதுகும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஒரு வருஷம் கழித்து அப்பாவின் இடது கால் பெருவிரல் அசைந்தது. சுமதி மேடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதிலிருந்து தினமும் காலையும் மாலையும் காலில் மணல் பையைக் கட்டித் தூக்குவார். நீ எண்ணுவாய், ஒன்று இரண்டு மூன்று என்று. நீ எண் கற்றுக்கொண்டதே அப்படித்தான். அப்புறம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தார். பதினாறு அடி. அதற்கு மேல் எந்தக் காலத்திலும் போகவில்லை. ஆனால் அந்தப் பதினாறு அடியை அவர் தினமும் நடந்தார். நீ ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள், நான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆளு கேட்டாரு, இல்ல?" என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. "யாரு?" என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம், "ஒண்ணுமில்ல. தேய்" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எதற்காக அன்றைக்குப் பாயில் வாயைத் திறக்காமல் இருந்தார், எதையெல்லாம் புரிந்துகொண்டார், என்னை மன்னித்தாரா, மன்னிக்காமலே என் கையால் பதினைந்து வருஷம் சாப்பிட்டாரா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்க எனக்குத் தினமும் நேரம் இருந்தது. கேட்கவில்லை.

கடைசியில் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். நீ காலேஜில் இரண்டாம் வருஷம். பிருஷ்டத்தில் வந்த படுக்கைப் புண் உள்ளே போய்விட்டது. சிறுநீரில் கிருமி. நீ லீவு போட்டுக்கொண்டு வந்து, கற்றுக்கொண்டதை வைத்து மணிக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட்டாய். அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து வரும்போது, "அந்தாளு மட்டும் கையில கெடைச்சான்னா" என்று நீ சொன்னாய். பத்தொன்பது வயது உனக்கு. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம்தான் உன்னைப் படிக்க வைக்கிறது, அதை எடுத்துவிட்டால் நீ நின்றுவிடுவாய் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது அருள். அதுதான் பயங்கரம்.

போன தடவை நீ வந்திருந்தபோது எனக்கு இடுப்பு பிடித்திருந்தது. குப்புறப் படுக்கச் சொன்னாய். கை வைப்பதற்கு முன்னால், வெளியாட்களிடம் கேட்பதைப் போலவே என்னிடமும் கேட்டாய். "எப்ப இருந்தும்மா? ராத்திரில வலி எழுப்புதா? காய்ச்சல் வருதா? எடை கொறைஞ்சிருக்கா?" என் முகம் தலையணையில் இருந்தது. அழ ஆரம்பித்துவிட்டேன். ரொம்ப வலிக்கிறது என்று நினைத்து நீ கையை எடுத்துக்கொண்டாய். முதலில் எக்ஸ்ரே எடுப்போம், அப்புறம்தான் தொடுவேன் என்றாய். எக்ஸ்ரேவில் ஒன்றும் இல்லை. நீ இரண்டு நாள் பக்குவமாக அழுத்தி, நீவி, எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததில் வலி போய்விட்டது. உன் கை நல்ல கை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்டதும்தான் இதை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று ஆனது. கிளம்பும்போது நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாய்.

போன சனிக்கிழமை கோலியனூருக்குப் போனேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. இருக்கிறார். வேப்ப மரம் இல்லை, ரோடு அகலப்படுத்தினபோது போய்விட்டது. அவர் மகன் வாசலில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். கண்ணையன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டு ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. இடது கையால் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கொடுத்தார். அந்த அடிக்கு அப்புறம் அவரிடம் யாரும் வரவில்லை. வந்தாலும் அந்தக் கையால் முடியாது. செங்கல் சூளையில் காவலுக்குப் போனாராம். நான் யார் என்று சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, சீட்டு, காய்ச்சல் இல்லை என்று நான் சொன்னது. அவர் மகன் கடையிலிருந்து உள்ளே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"முதுக ஒடிச்சவன் புள்ளைங்கன்னு சொல்லி எங்க அக்காவுக்குக் கல்யாணமே ஆவல" என்றான். "இப்ப வந்து இன்னா சொல்றீங்க?"

கண்ணையன் அவனைப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்புறம், "தொட்டப்பவே ஒடம்பு சூடாத்தான் இருந்துச்சும்மா. வெயில்ல வந்ததாலன்னு நெனச்சேன். உன் வார்த்தைய நம்பினேன். என் கைய நம்பியிருக்கணும்" என்றார். இருபத்து மூன்று வருஷமாக அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சொல்லிடு" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் மகன், போங்கம்மா என்று வாசலைக் காட்டினான். வந்துவிட்டேன்.

நோட்டீஸைத் திரும்ப அச்சடி. அது உன்னால் முடியும். உனக்கு வைத்தியம் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நோயாளியோடு கூட வருகிறவர்களை ஐந்து நிமிஷம் வெளியே அனுப்பு. பெண்டாட்டியாக இருந்தாலும், அம்மாவாக இருந்தாலும் அனுப்பு. அவர்கள் முகத்தில் எவ்வளவு அன்பு தெரிந்தாலும் அனுப்பு. படுத்திருக்கிறவரிடம் தனியாகக் கேள். அவர் பதில் சொல்லாமல் இருந்தால் திரும்பக் கேள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் அன்றைக்குத் தொடாதே. வலியோடு திரும்பிப் போகட்டும். உன்னைத் திட்டிக்கொண்டே போகட்டும். ஸ்டெல்லா சித்திக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும், அதை நீ செய்யாதே. பெரியப்பாவுக்கும் நானே சொல்கிறேன். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கூப்பிடாவிட்டால் எனக்கு ஏன் என்று தெரியும். மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்க வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நீ கோலியனூருக்குப் போவாயா என்று கேட்க மாட்டேன். போனால், பஞ்சர் கடையில் நிற்கிற மகன் உன்னை உள்ளே விடாமல் இருக்கலாம். அவனிடம் சண்டை போடாதே. என் பெயரைச் சொல்லாதே. அப்பாவின் பெயரைச் சொல்லி, சவரிமுத்துவின் பையன் என்று உள்ளே கேட்கிற மாதிரி சொல். நான் அன்றைக்கு வாசலில் நின்று, இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று ஆரம்பித்தேன். நான் முடிப்பதற்குள் அவர், "சவரிமுத்து" என்றார்.